நுண்ணுயிரி நீலம்: ஆய்வகத்தில் வருகிறது, ஜீன்ஸுக்கு ஏன் வரவில்லை?

தாமரைக்கண்ணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு நுண்ணுயிரிகளிலிருந்து நீல நிறமி எடுப்பதைத் தலைப்பாக யோசித்து வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து இண்டிகோ கிடைத்ததாகக் கட்டுரை வந்தது 1983ல். நான் பிறப்பதற்கு வெகு முன்னால். இன்றும் கடையில் தொங்கும் ஜீன்ஸ் ஏறக்குறைய எல்லாமே செயற்கை இண்டிகோவில் சாயமேற்றியவைதான். நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஏன் நகரவில்லை? விலையா, தொழில்நுட்பமா, யாருக்கும் தேவைப்படவில்லையா?

இங்கே சாயப்பட்டறை அனுபவம் உள்ளவர்களும் நொதித்தல் துறையில் வேலை செய்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் எந்த நீலத்தை எடுத்துக்கொண்டால் உருப்படியாக முடிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

நொதிகலன் எழுதியது:

1983ல் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அம்ஜென் நிறுவனத்தில் பர்ட் என்ஸ்லியும் உடன் இருந்தவர்களும் இண்டிகோவைத் தேடிப் போகவில்லை. சூடோமோனாஸ் புட்டிடா என்ற மண் பாக்டீரியா நாப்தலீனை, அதாவது துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டைச் சரக்கை, தின்று வாழக்கூடியது. அதற்கான மரபணுக்களை ஈ. கோலைக்குள் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வளர்ந்த பாக்டீரியா நீலமாகிவிட்டது. காரணம் இதுதான்: ஈ. கோலையிடம் டிரிப்டோபனேஸ் என்ற நொதி ஏற்கெனவே உண்டு. அது டிரிப்டோபான் அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் ஆக்கும். இண்டோலும் நாப்தலீனைப் போலவே ஒட்டிய இரட்டை வளையம். ஆகவே நாப்தலீனுக்காக வந்த நொதி இண்டோலையும் பிடித்து அதில் ஆக்சிஜனைச் சேர்த்துவிட்டது. அப்புறம் ஒரு நீர் மூலக்கூறு கழன்றால் இண்டாக்சில். இரண்டு இண்டாக்சில் காற்றுப் பட்டுச் சேர்ந்தால் இண்டிகோ. கடைசிப் படிக்கு நொதியே வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. 1897ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை இண்டிகோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது தொடங்கிய மூலப்பொருளும் நாப்தலீன்தான். வேதியியலும் உயிரியலும் ஒரே வாசல் வழியாக இந்த நீலத்துக்குள் நுழைந்திருக்கின்றன.

பிறகு ஜெனன்கோர் நிறுவனம் இதைக் கையில் எடுத்துப் பல ஆண்டுகள் உழைத்தது. டிரிப்டோபானை வெளியிலிருந்து ஊற்றினால் கட்டுப்படியாகாது. அதனால் குளுக்கோஸிலிருந்தே இண்டோல் வரும்படி பாக்டீரியாவின் உள்பாதையை மாற்றினார்கள். டிரிப்டோபான் உருவாகும் கடைசிப் படியில் இண்டோல் கைமாறும் இடத்தில் ஒரு திடீர்மாற்றத்தை வைத்து, இண்டோல் வெளியே கசியும்படி செய்தார்கள். 2002ல் வெளியிட்ட கட்டுரையில் லிட்டருக்கு 18 கிராம் இண்டிகோ வரை போயிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அது அபாரமான வேலை.

இன்னொரு தொல்லையும் வந்தது. பாக்டீரியா இண்டிகோவில் சாயமேற்றிய துணியில் லேசான சிவப்புச் சாயல் தெரிந்தது. இண்டாக்சில் ஐசாட்டின் என்ற துணைப்பொருளோடு சேர்ந்தால் இண்டிரூபின் என்ற சிவப்பு நிறமி உருவாகும். ஐசாட்டினை உடைக்கும் நொதி ஒன்றைச் சேர்த்து அதையும் சரிசெய்தார்கள். ஆக ஆய்வகக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் சந்தைக்கு வரவில்லை.

காவிரிமீன் எழுதியது:

விலைதான். செயற்கை இண்டிகோ கிலோ சில டாலருக்குக் கிடைக்கும்போது எவன் பாக்டீரியா இண்டிகோ வாங்குவான்? ஆனால் அந்த மலிவு விலைக்குள் என்னென்ன மறைந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய செயற்கை இண்டிகோ அனிலின், ஃபார்மால்டிஹைடு, சயனைடு என்று போகும் வரிசை. அனிலின் மிச்சம் துணியோடு ஒட்டிக்கொண்டு வருவது பற்றி உலக அளவில் பேச்சு எழுந்து, அனிலின் இல்லாத இண்டிகோ என்றே தனியாக விற்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றுக்குச் சாயக்கழிவால் என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாக்டீரியா நீலம் வந்தால் அந்த நிலைமை மாறும் என்று நம்புகிறேன்.

பாவுநூல் எழுதியது:

காவிரிமீன் நண்பரே, உங்கள் அக்கறை எனக்கும் உண்டு. நான் சாயப்பட்டறையில் வளர்ந்தவன். நொய்யல் கரைதான் ஊர். ஆனால் நொய்யலைக் கெடுத்தது இண்டிகோ இல்லீங்க. திருப்பூர் பின்னலாடை ஊர். பனியன் துணிக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது பருத்தியில் ஏறுவதற்கு மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். அந்த உப்பு ஆற்றில் கரைந்ததுதான் பெரிய பாதிப்பு. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், அப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டுக்கு எல்லோரும் வந்ததும் அதனால்தான். நாளைக்கே பாக்டீரியா இண்டிகோ இலவசமாகக் கிடைத்தாலும் திருப்பூர் உப்பு ஒரு கிலோகூடக் குறையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தீர்வு தப்பான இடத்துக்குப் போய்விடும்.

இண்டிகோவின் வேலை டெனிமில். டெனிமில் பாவு (நீளவாட்டு நூல்) மட்டும் நீலம், ஊடை (குறுக்கு நூல்) வெள்ளை. இண்டிகோ தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டு ஒடுக்க (ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினை) வேண்டும். அப்போது தொட்டி மஞ்சள் கலந்த பச்சையாகிவிடும். பாவு நூலை அதில் முக்கி, வெளியே எடுத்துக் காற்றில் காட்டினால் நீலமாகும். மறுபடி முக்கி, மறுபடி காற்று. இப்படிப் பல முறை. நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே நிற்கும், அதனால்தான் ஜீன்ஸ் தேயத் தேய வெளுக்கிறது.

இதில் மூக்கைப் பிடிக்க வைப்பது ஹைட்ரோஸ். சோடியம் டைதயோனைட். காற்றுப் பட்டால் வீணாகும், அதனால் எப்போதும் தேவைக்கு மேல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் சல்பைட்டாகவும் சல்பேட்டாகவும் கழிவில் நிற்கும், குழாயை அரிக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நெஞ்சு எரியும்.

இப்போது தாமரைக்கண்ணி கேட்டதற்கு வருகிறேன். பாக்டீரியாவிலிருந்து இண்டிகோ தூள் எடுத்துப் பையில் கட்டி என்னிடம் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? அதே காஸ்டிக், அதே ஹைட்ரோஸ், அதே கழிவு. தூள் எங்கிருந்து வந்தது என்பது தொட்டிக்குத் தெரியாது. கூடுதல் காசு கொடுத்து வாங்க எனக்குக் காரணமே இல்லை. ஜெனன்கோர் தோற்றது இந்த இடத்தில் என்று நினைக்கிறேன்.

தாமரைக்கண்ணி எழுதியது:

பாவுநூல் அண்ணா, இந்தக் கோணம் நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இல்லை. எல்லாம் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதோடு முடிந்துவிடுகின்றன. நன்றி. ஒரு சந்தேகம். லிட்டருக்கு 18 கிராம் என்பது தொழிலுக்குப் போதுமான அளவா?

நொதிகலன் எழுதியது:

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜீன்ஸுக்குச் சுமார் 3 முதல் 12 கிராம் வரை சாயம் என்று சொல்வார்கள். 6 கிராம் என்று வைத்தால், ஒரு லிட்டர் கலன் திரவம் மூன்று ஜீன்ஸுக்குப் போதும். கேட்க நன்றாக இருக்கிறது.

உலகில் ஆண்டுக்குச் செலவாகும் இண்டிகோ ஏறத்தாழ 50,000 டன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதை 18 கிராமால் வகுத்தால் 278 கோடி லிட்டர். ஒரு லட்சம் லிட்டர் கலன் ஒன்றில் நான்கு நாளைக்கு ஒரு முறை அறுவடை என்றால், சுத்தம் செய்யும் நேரம் போக ஆண்டுக்கு 90 முறை. அப்படியானால் முந்நூறுக்கு மேல் கலன்கள் வேண்டும். முடியாத காரியம் இல்லை. அஜினோமோட்டோ உப்பு என்று நாம் சொல்லும் குளுட்டமேட் இதைவிடப் பல மடங்கு அளவில் நொதித்தல் வழியாகத்தான் வருகிறது.

சிக்கல் விளைச்சலில். டிரிப்டோபான் வழியாகப் போனால், இரண்டு டிரிப்டோபான் சேர்ந்து மூலக்கூறு எடை 408, கிடைக்கும் இண்டிகோ 262. ஒன்றுகூட வீணாகாமல் போனாலும் ஒரு கிலோ டிரிப்டோபானுக்கு 640 கிராம்தான். டிரிப்டோபான் பாக்டீரியாவுக்குச் செய்யச் செலவு மிக்க அமினோ அமிலம். ஆக, ஒரு கிலோ நீலத்துக்குப் பல கிலோ சர்க்கரை. போதாததற்கு இண்டோல் பாக்டீரியாவுக்கே நஞ்சு. கொஞ்சம் சேர்ந்தாலே வளர்ச்சி படுத்துவிடும். தவிர, நொதி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், அதனால் கலனில் காற்றடிக்கும் மின்செலவு கூடும்.

ஆனால் பாவுநூல் சொன்னதுதான் முக்கியம். விலையில் மட்டும் செயற்கை இண்டிகோவோடு மோதினால் ஜெயிக்க முடியாது. தொட்டியில் எதையாவது மிச்சப்படுத்தினால்தான் கூடுதல் விலைக்கு நியாயம் கிடைக்கும். அந்தத் திசையில் 2018ல் ஒரு நல்ல வேலை வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியில் ஜான் டூபர் குழு. இண்டிகோ வரை போகவே வேண்டாம், இண்டாக்சிலிலேயே நிறுத்துவோம் என்று யோசித்தார்கள். இண்டாக்சில் காற்றுப் பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளுமே? அதைத் தடுக்க அதன் தலையில் ஒரு குளுக்கோஸை மாட்டினார்கள். அதற்கான நொதியை ஜப்பானிய நீலச்செடியிலிருந்து எடுத்தார்கள். இப்படி வருவது இண்டிகன். நிறமில்லாதது, தண்ணீரில் கரையும். துணியில் இதை ஏற்றிவிட்டுக் குளுக்கோஸைக் கழற்றும் இன்னொரு நொதியைத் தடவினால், இண்டாக்சில் நூலுக்குள்ளேயே வெளிப்பட்டு அங்கேயே நீலமாகும். ஹைட்ரோஸே தேவையில்லை.

அவுரிக்கரை எழுதியது:

இந்தக் கடைசி வரிக்காகவே உள்நுழைந்தேன். திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிட்டு, கையால் சாயமேற்றும் வேலை செய்கிறோம். அவுரி இலையில் இருப்பது அதே இண்டிகன்தான். செடி நீலத்தை நீலமாக வைத்துக்கொள்வதில்லை, குளுக்கோஸ் மூடி போட்டுத்தான் வைத்திருக்கிறது. இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இலையின் சொந்த நொதியே மூடியைக் கழற்றும். பிறகு தொட்டியில் இறங்கி மட்டையால் அடித்துக் காற்றைக் கலக்கினால் நீலம் அடியில் படியும். வடிகட்டிக் காயவைத்தால் வில்லை.

பச்சை இலையின் எடையில் ஒரு சதவிகிதம்கூட நீலம் தேறாது. அதனால் விவசாய நீலத்தால் உலக ஜீன்ஸ் முழுவதையும் நனைக்க முடியும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் பரவியிருந்த அவுரி வயல்கள் செயற்கை நீலம் வந்த சில பத்தாண்டுகளில் காணாமல் போனதை மறக்க முடியாது. மீண்டும் உணவு நிலத்தை அவுரிக்குக் கொடுங்கள் என்று கேட்பதும் சரியில்லை. நெற்பயிருக்கு நடுவே பசுந்தாள் உரமாகவும் பயன்படும் அளவுக்குப் போட்டால் போதும்.

ஆனால் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்கள் தொட்டியில் ஹைட்ரோஸ் கிடையாது. சுண்ணாம்பு நீர், வெல்லம், வேகவைத்த தகரை விதை. சில நாள் வைத்திருந்தால் தொட்டியின் பாக்டீரியாக்கள் வெல்லத்தையும் தகரையையும் தின்று, நீலத்தை ஒடுக்கிக் கரைய வைக்கும். மேலே செம்புநிறப் படலமும் நீல நுரையும் வந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பாக்டீரியா நீலத்தைச் செய்ய வேண்டும் என்று மட்டும் ஏன் நினைக்கிறீர்கள்? நீலத்தைக் கரைக்கும் வேலையை அது பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகிறது.

நொதிகலன் எழுதியது:

அவுரிக்கரை அம்மா, அருமை. இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ஐரோப்பாவின் வோட் என்ற நீலச்செடித் தொட்டியிலிருந்து நீலத்தை ஒடுக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, 1999ல் கிளாஸ்ட்ரிடியம் ஐசாட்டிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் சுக்குமோ (நொதிக்கவைத்த நீலச்செடி இலை) தொட்டிகளிலிருந்து ஆல்கலிபாக்டீரியம் இனத்தில் புதிய வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். பி.எச். 10க்கு மேல் இருக்கும் தொட்டியில் வாழக்கூடியவை. நம் தகரைத் தொட்டிகளில் என்னென்ன வாழ்கின்றன என்பதும் நல்ல ஆய்வுக்கேள்வி.

பாவுநூல் எழுதியது:

கைத்தறிக்கு அக்கா சொல்வது பொருந்தும். ஆலையில் நூல் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி ஒரே சீராக நிற்க வேண்டும். ஒரு நாள் பாக்டீரியா சுணங்கினால் அன்றைய பாவு முழுக்க வேறு நிறம். வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது பல ஆலைகள் ஏற்கெனவே ஒடுக்கிய திரவ இண்டிகோவை வாங்குகின்றன. ஹைட்ரஜன் கொண்டு ஒடுக்கி, கரைசலாகவே டிரம்மில் வருவது. ஹைட்ரோஸ் செலவு நிறைய குறைகிறது. புதிதாக எது வந்தாலும் இதோடுதான் போட்டி போட வேண்டும்.

இண்டிகன் பற்றி ஒரு கேள்வி. கழன்று விழும் குளுக்கோஸ் எங்கே போகும்?

நொதிகலன் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஒரு கிலோ இண்டிகோ துணியில் படிய 2.25 கிலோ இண்டிகன் வேண்டும். அதிலிருந்து ஏறக்குறைய 1.4 கிலோ குளுக்கோஸ் தொட்டியில் விழும். அதைச் சுத்திகரிப்பது சல்பேட்டைச் சுத்திகரிப்பதைவிட எளிது, நுண்ணுயிரிகளே தின்றுவிடும். ஆனால் காசு கொடுத்துச் செய்த சர்க்கரையைக் கழிவில் விடுகிறோம் என்பதும் உண்மை. நொதிக்கும் தனிச் செலவு. 2024ல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, நொதிக்குப் பதிலாக ஒளியைக் காட்டியே இண்டிகனைத் துணியில் நீலமாக்கலாம் என்று செய்து காட்டியது. அது எனக்கு நம்பிக்கை தருகிறது. பெர்க்லி ஆய்விலிருந்து ஹியூ என்ற நிறுவனமும் பிறந்திருக்கிறது.

காவிரிமீன் எழுதியது:

பாவுநூல் நண்பரே, உப்பு விஷயம் ஏற்கிறேன். ஆனாலும் அனிலின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் அதைக் கையாளும் தொழிலாளிக்கு என்ன விலை போடுகிறோம்? சாயத்தொட்டியில் மிச்சமானால்தான் நியாயம் என்று வாங்குகிறவர் பக்கம் மட்டும் கணக்கிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாவுநூல் எழுதியது:

நியாயமான பேச்சுங்க. அந்த விலையைச் சட்டம்தான் போட முடியும். கழிவுநீருக்கும் அப்படித்தான் நடந்தது. நீதிமன்றம் சொல்லும்வரை எந்தப் பட்டறையும் தானாக மாறவில்லை.

தீபா உணவியல் எழுதியது:

எல்லோரும் துணியிலேயே நிற்கிறீர்கள். நுண்ணுயிரி நீலம் கடைக்கு வந்தே விட்டது, உணவில். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் ஃபைகோசயனின் நிறமி.

நீலமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மூலக்கூறு ஆரஞ்சு, சிவப்புப் பக்கத்து ஒளியை, 600 நானோமீட்டரை ஒட்டி, விழுங்க வேண்டும்.  அப்படிப்பட்ட மூலக்கூறு உயிரினங்களில் அரிது. மயில் தோகையில் நீலமாகத் தெரிவது நிறமியே இல்லை, நுண் அமைப்பின் விளையாட்டு. அதனால் உணவுக்கு நீலம் என்றாலே நீண்டகாலம் பிரில்லியண்ட் புளூ போன்ற செயற்கை நிறங்கள்தான். 2013ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஸ்பைருலினா சாற்றை மிட்டாய்க்கும் சூயிங் கம்முக்கும் அனுமதித்த பிறகு நிலைமை மாறியது. நம் ஊரில் புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரிலும், ஆரோவில்லிலும் ஸ்பைருலினா வளர்க்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ஃபைகோசயனின் ஒரு புரதம். 50 டிகிரி தாண்டினால் நிறம் போகத் தொடங்கும். எலுமிச்சை போட்ட பானத்தில் நிற்காது. சங்குப்பூ நீலமும் புளிப்பு பட்டால் ஊதாவாகிவிடும். இதற்காகத்தான் கால்டியேரியா என்ற சிவப்புப் பாசியைத் தேடிப் போனார்கள். அமிலமான வெந்நீர் ஊற்றில் வாழ்வது, அதன் ஃபைகோசயனின் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். 2025 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. துணியில் செயற்கையோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. உணவிலோ அம்மாக்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கிறார்கள், அதனால் கூடுதல் விலை நிற்கிறது.

தாமரைக்கண்ணி எழுதியது:

தீபா அக்கா, நன்றி. இண்டிகோய்டின் என்று இன்னொரு நீலம் பற்றியும் படித்தேன். லிட்டருக்கு 86 கிராம் என்று பார்த்ததும் ஆச்சரியமாக இருந்தது. அதை எடுத்துச் செய்யலாமா?

நொதிகலன் எழுதியது:

ஆமாம், 2019ல் பெர்க்லி பக்கத்து ஆய்வாளர்கள் ரோடோஸ்போரிடியம் என்ற ஈஸ்டில் எட்டிய அளவு. இரண்டு குளுட்டமினை ஒரே ஒரு பெரிய நொதி இணைத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வரும் நொதி அது, அதைத் தூண்டிவிடும் துணை நொதி ஒன்றும் கூடவே வேண்டும். குளுட்டமின் எந்தச் செல்லிலும் தாராளமாக இருப்பதால்தான் இவ்வளவு விளைச்சல். ஆனால் பெயர் ஒத்திருக்கிறதே தவிர இண்டிகோ வேறு, இது வேறு. தண்ணீரில் கரையாது, கரைப்பானில் வைத்தால் நாள்பட நிறம் மங்கும். துணியில் எப்படி நிற்கும் என்பதைக் காட்டினால்தான் பாவுநூல் போன்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கல்லூரி ஆய்வகம் என்றால் என் யோசனை இது. மரபணு மாற்றம் செய்யும் வேலை என்றால் 1989 விதிகளின்படி உங்கள் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழு வழியாகத்தான் போக வேண்டும். கல்லூரியில் அந்தக் குழு இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதிலேயே பாதி ஆண்டு போய்விடும். பச்சை நீலம் தெரிகிறதே என்று சூடோமோனாஸ் ஏரூஜினோசாவின் பயோசயனினைத் தொடாதீர்கள். நோய் தரும் கிருமி, நிறமியும் நஞ்சு.

அவுரிக்கரை எழுதியது:

கண்ணு, எங்கள் தொட்டிக்கு வா. மரபணு மாற்றம் எதுவும் தேவையில்லை. தகரைத் தொட்டியில் வாரந்தோறும் மாதிரி எடுத்து, எந்த பாக்டீரியா பெருகும்போது நீலம் கரைகிறது என்று கண்டுபிடித்தால் எங்களுக்கும் பயன். தொட்டி சுணங்கும் நாளில் காரணம் தெரியாமல் வெல்லத்தைக் கூட்டிப் பார்க்கிறோம், சுண்ணாம்பைக் கூட்டிப் பார்க்கிறோம்.

தாமரைக்கண்ணி எழுதியது:

அக்கா, கட்டாயம் வருகிறேன். வழிகாட்டியிடம் பேசினேன், அவருக்கும் பிடித்திருக்கிறது. தொட்டி மாதிரியில் பி.எச்., ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம், கரைந்த நீலத்தின் அளவு மூன்றையும் சேர்த்து அளக்கலாமா என்று கேட்டார். காற்றுப் படாமல் மாதிரி எடுப்பது எப்படி?

நொதிகலன் எழுதியது:

ஊசிக்குழாயால் தொட்டியின் நடு ஆழத்திலிருந்து உறிஞ்சி, ரப்பர் மூடி போட்ட, நைட்ரஜன் நிரப்பிய சிறு குப்பிக்குள் ஊசி வழியாகவே இறக்குங்கள். மேலே உள்ள படலத்தைக் கலக்க வேண்டாம். மின்னழுத்தத்தைத் தொட்டியிலேயே மின்முனையை இறக்கி அளப்பது நல்லது, ஆய்வகம் வந்து சேர்வதற்குள் மாறிவிடும்.

பாவுநூல் எழுதியது:

ஒவ்வொரு மாதிரி எடுக்கும்போதும் அதே தொட்டியில் ஒரு சிட்டம் வெள்ளை நூலையும் முக்கி எடுத்து வைத்துக்கொள் அம்மிணி. எண் எழுதிய சீட்டைக் கட்டிவிடு. நூலை எனக்கு அனுப்பினால் சோப்பில் துவைத்தும் வெயிலில் காட்டியும் சாயம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.